அச்சுத் தந்தை அண்டிரிக் அடிகளார்

காரைக்காலுக்கு வடக்கே சில கல் தொலைவில் தரங்கம்பாடி, தெற்கே நாகப்பட்டினம். தமிழ் அச்சுக்கலை என்றவுடன் நம் வட்டாரத்தார் வடக்கு நோக்கியே கைகாட்டுவர். 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு ஐயரும், 1713இல் அங்கே இயங்கத் தொடங்கிய தமிழ் அச்சுக்கூடமும் நமக்கு அண்டை வீட்டுச் செய்திகள். ஆயினும் தமிழெழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்டுத் தாளில் பதிந்தது அதற்கு 135 ஆண்டுகள் முன்னரே. 1578ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறு நூலே இந்திய மொழியொன்றில் அம்மொழியின் எழுத்தாலேயே அச்சான நூல்களுள் இன்று நமக்குக் கிடைப்பவற்றில் முதலாவது. அதனைத் தமிழில் ஆக்கித் தந்தவர் அன்றீக்கே அன்றீக்கசு என்னும் போர்த்துக்கேயத் துறவி. நம்மவர் வாயில் அப்பெயர் அண்டிரிக் அடிகளார் என்றாயிற்று.

இலக்கிய வரலாற்று நூல்கள் அவருக்கு அரைப்பக்கம் ஒதுக்குகின்றன. போர்த்துக்கல் நாட்டினர், இயேசு சபையினர், முத்துக்குளித்துறையில் தொண்டாற்றியவர், தமிழ் கற்றவர், நூல் அச்சிட்டவர் என்று கூறி முடிக்கின்றன. அவர் யூதக் குடியில் பிறந்தவர் என்பதும், அப்பிறப்பின் பொருட்டே தம் நாட்டில் ஒரு துறவு மடத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் என்பதும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. சொன்னாலும் அடைப்புக்குறிக்குள் அடங்கிவிடுகின்றன. அடைப்புக்குறியை நீக்கிவிட்டு அவ்வாழ்வைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யூதரைப் பற்றி ஐரோப்பியக் கிறித்தவ உலகம் கொண்டிருந்த எண்ணம் ஒரு நாளில் தோன்றியதன்று. இயேசுவும் யூதர், அவர் தாயும் யூதப் பெண், முதற் சீடர் பன்னிருவரும் யூதரே. எனினும் திருச்சபை உரோமப் பேரரசின் சமயமான பின்னர், மெசியாவை ஏற்க மறுத்தவர், அவரைக் கொன்றவர் என்னும் பழி ஓர் இனம் முழுவதன் மேலும் விழுந்தது. யூதரைக் கொல்லலாகாது, ஆனால் தாழ்நிலையில் வாழவிட வேண்டும், பழைய மறைநூலுக்கு அவர்கள் வாழும் சான்றாவர் என்பது தூய அகுஸ்தீன் வகுத்த நெறி. உயிருக்குக் காப்பும் மானத்திற்குக் கேடும் ஒருங்கே தந்த நெறி அது. காலப்போக்கில் அக்காப்பும் தளர்ந்தது. 1096இல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கும்பல்கள் ரைன் ஆற்றங்கரை நகரங்களில் யூதரைக் கொன்று குவித்தன. 1215இல் நான்காம் இலாத்தரான் பொதுச்சங்கம் யூதர் தனியுடை அணிய வேண்டுமென விதித்தது. 1290இல் இங்கிலாந்து அவர்களை நாடு கடத்தியது. 1348இல் கொள்ளைநோய் பரவியபோது கிணறுகளில் நஞ்சிட்டவர் யூதரே என்ற பொய்யைத் திருத்தந்தை ஆறாம் கிளமெந்து மறுத்து ஆணையிட்டும், ஊரூராக அவர்களை எரித்தனர்.

இவையெல்லாம் சமயப் பகை. மதம் மாறினால் தீரும் பகை என்றே அதுவரை சொல்லப்பட்டு வந்தது. மதம் மாறியும் தீராத பகையை முதன்முதலாகச் சட்டமாக எழுதி வைத்த நிலம் ஸ்பெயின். 1391இல் செவில் நகரில் தொடங்கிய படுகொலைக்கு அஞ்சிப் பல்லாயிரம் யூதர் திருமுழுக்குப் பெற்றனர். அவர்தம் மக்களும் பேரரும் கல்வியிலும் வணிகத்திலும் அரசுப் பணியிலும் உயர்ந்தபோது, பழங்கிறித்தவருக்குப் பொறுக்கவில்லை. 1449இல் தொலேதோ நகரத்தார் ஒரு விதி செய்தனர்: யூதக் குருதி உடையவர் கிறித்தவரேயாயினும் நகரப் பதவி எதனையும் வகிக்கலாகாது. திருமுழுக்குத் தண்ணீர் குருதியைக் கழுவாது என்பதே அதன் பொருள். அன்றைய திருத்தந்தை ஐந்தாம் நிக்கொலாசு, இது கிறித்தவ நெறிக்கே மாறானதென்று கண்டித்தார். கண்டனம் ஏட்டில் நின்றது. விதியோ மடங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மறைமாவட்டங்களுக்கும் பரவிற்று. 'குருதித் தூய்மை' என்னும் சொல்லாட்சி அப்போதுதான் நிலைபெற்றது. தந்தை வழியிலும் தாய் வழியிலும் முன்னோர் எவரும் யூதரல்லர் என்று சாட்சி வைத்து மெய்ப்பிக்க வேண்டிய நிலை வந்தது. பிறப்பைக் கொண்டு ஒருவனை எடைபோடும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆகவே இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் வாசகருக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை.

1492இல் ஸ்பெயின் தன் யூதரையெல்லாம் வெளியேற்றியது. பெருந்தொகையினர் எல்லை கடந்து போர்த்துக்கல் புகுந்தனர். 1496இல் போர்த்துக்கல் மன்னன் மனுவேலும் வெளியேற்ற ஆணை பிறப்பித்தான். ஆனால் கைத்தொழிலும் பொருளும் மிக்க அக்குடிகளை இழக்க அவனுக்கு மனமில்லை. எனவே 1497இல் முதலில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்துத் திருமுழுக்குக் கொடுத்தனர். பின்னர்ப் பெற்றோரையும் வலிந்து கிறித்தவராக்கினர். இவ்வாறு ஒரே ஆண்டில் உண்டானவரே புதுக்கிறித்தவர். 1506 ஏப்ரலில் லிசுபனில் மூன்று நாள் நடந்த கலகத்தில் அவர்களுள் ஏறத்தாழ 2000 பேர் கொல்லப்பட்டனர். கொன்றவரும் கிறித்தவர், கொல்லப்பட்டவரும் கிறித்தவர்.

இந்நாட்டில், இக்குடியில், 1520இல் வீலா விசோசா என்னும் ஊரில் அண்டிரிக் பிறந்தார். அவர் பதினாறு வயதினராயிருந்தபோது, 1536இல், போர்த்துக்கலில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. புதுக்கிறித்தவர் மறைவில் யூத நெறி பேணுகின்றனரா என்று துருவிப் பார்ப்பதே அம்மன்றத்தின் முதன்மைப் பணி. வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றுவதும், பன்றியிறைச்சியைத் தவிர்ப்பதும், சனிக்கிழமையில் தூய ஆடை உடுத்துவதும் குற்றச்சாட்டுகளாயின. இத்தகைய காலத்தில் அவ்விளைஞர் பிரான்சிஸ்கு சபையில் துறவு பூண்டார். பிறப்பு வெளிப்பட்டது. ஏழையிலும் ஏழையாய் வாழ்ந்த அசிசியாரின் பெயரால் அமைந்த மடம் அவரை வெளியே அனுப்பியது.

கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றவர், அங்கேயே 1545இல் இயேசு சபையில் சேர்ந்தார். சபை தோன்றி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதனை நிறுவிய இஞ்ஞாசியார் குருதிக் கணக்குப் பார்க்காதவர். யூதக் குலத்தில் பிறந்திருந்தால் இயேசுவுக்கும் அவர் தாய்க்கும் உறவினனாகும் பேறு தமக்குக் கிட்டியிருக்குமே என்று அவர் சொன்னதாக அவர்தம் வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர். ஸ்பெயினில் அப்படியொரு சொல்லை வெளிப்படையாகச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அவருக்குப் பின் சபையின் இரண்டாம் தலைவரான தியேகோ லாயினசும் யூத வழித்தோன்றலே. முன்பு வேறொரு சபையின் துறவுடை உடுத்தியவரைச் சேர்ப்பதற்குச் சபை விதியில் தடையிருந்தது. இஞ்ஞாசியார் அதற்கும் விலக்களித்தார். ஒருவர் அடைத்த கதவை மற்றொருவர் திறந்தார். அதனால் தமிழுக்கு ஓர் அச்சு நூலாசிரியர் கிடைத்தார்.

1546இல் அண்டிரிக் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அதே ஆண்டு மே மாதத்தில், தொலைகிழக்கிலுள்ள அம்போயினாத் தீவிலிருந்து பிரான்சிசு சவேரியார் போர்த்துக்கல் மன்னனுக்கு ஒரு மடல் எழுதினார். இந்தியாவிலுள்ள போர்த்துக்கேயக் குடியிருப்புகளில் மோசேயின் சட்டப்படி வாழ்வோர் பலர் உளர் என்றும், ஆகவே கோவைக்குச் சமய விசாரணை மன்றம் வேண்டும் என்றும் அம்மடல் கேட்டது. இங்கே கோவை என்றது கொங்குநாட்டு ஊரையன்று, கோவா நகரை. புதுக்கிறித்தவரை ஐயுற்று எழுதிய அதே சவேரியார், மூன்றாண்டுகளில், முத்துக்குளித்துறையில் தாம் விட்டுச்சென்ற பணியை அண்டிரிக் இருவர் உழைப்புக்கு ஈடாக ஆற்றுகிறார் என்று இஞ்ஞாசியாருக்குப் புகழ்ந்து எழுதினார். மனிதரைக் கண்டபோது மதித்தார். இனத்தை நினைத்தபோது அஞ்சினார். பெரியோரிடத்தும் இப்பிளவு உண்டு.

முத்துக்குளித்துறைப் பரவர் 1530களின் நடுவில் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றவர். முத்து வாணிகத்தில் தமக்கு நேர்ந்த இடர்களைக் களையப் போர்த்துக்கேயரின் துணை வேண்டியே அவர்கள் அதற்கு இசைந்தனர். மறை நூல் அறிவு பின்னர் வரவேண்டியதாயிற்று. சவேரியார் தமிழ் அறியார்; மொழிபெயர்ப்பாளர் துணைகொண்டு செபங்களை மனப்பாடம் செய்து ஓதியவர். துபாசிகள் ஒன்றைக் கேட்டு மற்றொன்றைச் சொல்வதைக் கண்ட அண்டிரிக், இனித் துபாசி வேண்டா என்று துணிந்தார். இலத்தீன் இலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு தமிழ் வினைகளையும் வேற்றுமைகளையும் வரிசைப்படுத்திக் கற்றார். 1548இல் வேம்பாற்றிலிருந்து எழுதிய மடலில் தம் தமிழ்ப் பயிற்சியை விரித்துரைக்கிறார். சில மாதங்களிலேயே துபாசியின்றிப் பேசத் தொடங்கினார். தாம் கண்ட விதிகளை ஏட்டில் எழுதி ஓர் இலக்கண நூலாக்கினார். ஐரோப்பியர் தமிழுக்கு எழுதிய இலக்கணங்களுள் நமக்குக் கிடைப்பனவற்றில் தொன்மையானது இதுவே. அக்கையெழுத்துப் படி லிசுபன் தேசிய நூலகத்தில் உள்ளது. 1982இல் செர்மனியில் பதிப்பிக்கப்பட்டது. 2013இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. தொல்காப்பியமும் நன்னூலும் கற்ற புலவர் அதைப் பார்த்தால் நகைக்கக்கூடும். ஆனால் கடற்கரையில் அன்று பேசப்பட்ட தமிழ் எப்படி ஒலித்தது என்பதற்கு அதுபோன்ற சான்று வேறெங்கும் எளிதில் கிட்டாது. மீனவரும் முத்துக் குளிப்போருமே அவருக்கு ஆசிரியர்கள்.

அக்கரை அமைதியான கரையன்று. 1549இல் அங்குப் பொறுப்பிலிருந்த அந்தோனியோ கிரிமினாலி அடிகள் வேதாளையில் வடுகர் படையால் கொல்லப்பட்டார். பொறுப்பு அண்டிரிக்கின் தோளில் விழுந்தது. 1553இல் புன்னைக்காயல் தாக்கப்பட்டது. 1560இல் மீண்டும் தாக்குண்டபோது மக்களுள் பலர் மன்னாருக்குக் குடிபெயர்ந்தனர். அடிகளாரும் உடன் சென்றார். பின்னர்ப் புன்னைக்காயலில் மருத்துவமனை, தமிழ் பயிற்றும் பள்ளி, ஊரார் ஒருவருக்கொருவர் உதவும் அன்புச் சபை ஆகியன அவர் முயற்சியால் நடந்தன.

அச்சுக்கு வருவோம். தமிழெழுத்துகளை 1577இல் கோவாவில் வார்த்தவர் யுவான் கொன்சால்வசு என்னும் ஸ்பானியத் துறவி. அவை நிறைவாக அமையாமையால் 1578இல் கொல்லத்தில் யோவான் தெ பாரியா மீண்டும் வார்த்தார். செலவுக்குப் பொருள் தந்தவர் முத்துக்குளித்துறைப் பரவர். நூலின் முகப்பில் அண்டிரிக்கின் பெயரோடு மனுவேல் தெ சான் பேதுரு என்பாரின் பெயரும் உள்ளது. பேரோ லூயீசு என்னும் அந்தணரும் இப்பணியில் துணைநின்றார். அவர் 1561இல் இயேசு சபையில் சேர்ந்தவர். இந்நாட்டவரைச் சபையில் சேர்க்கலாகாது என்ற கருத்து அக்காலத்தில் வலுத்து வந்தது. தம்மவருக்கும் கதவு திறக்கப்பட வேண்டும் என்று பேரோ லூயீசு உரோமைக்கு எழுதிப் பார்த்தார், பயனில்லை. யூதக் குருதி என்று ஒதுக்கப்பட்ட ஒருவரும், இந்தியர் என்று ஐயுறப்பட்ட ஒருவரும் அருகருகே இருந்து தமிழை அச்சேற்றினர் என்பதை நம் நினைவில் நிறுத்திக்கொள்ளலாம்.

1579 நவம்பர் 14ஆம் நாள் 'கிரிசித்தியானி வணக்கம்' கொச்சியில் அச்சாயிற்று. இதே கொச்சியில் 1557இல் புதுக்கிறித்தவர் பலர் சிறைப்பிடிக்கப்பட்டனர். 1560இல் கோவாவில் விசாரணை மன்றம் அமைவதற்கு அந்நிகழ்ச்சி தூண்டுகோலாயிற்று. ஆனால் கொச்சிக் கோட்டையிலிருந்து நடந்தே செல்லும் தொலைவில், மட்டாஞ்சேரியில், கொச்சி மன்னர் தம் அரண்மனை மதிலையொட்டி யூதருக்கு நிலம் தந்திருந்தார். 1568இல் அங்கே அவர்களின் தொழுகைக்கூடம் எழுந்தது. அதற்கும் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் முன்னரே, சேர மன்னன் பாசுகர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும் அளித்து வட்டெழுத்தில் செப்பேடு பொறித்துக் கொடுத்தான். கோட்டைக்குள் யூத மரபு குற்றம். கோட்டைக்கு வெளியே அது மன்னன் அளித்த மதிப்பு. அடிகளாரின் இரண்டாம் நூல் அச்சான ஊர் இத்தகையது.

மூன்றாம் நூலான பாவசங்கீர்த்தன விளக்கம் 1580இல் கொச்சியிலேயே வெளிவந்தது. அவ்வாண்டில் கோவாவில் நிகழ்ந்த ஒன்றையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். கார்சியா தா ஓர்த்தா பெயர்பெற்ற மருத்துவர். இந்திய மூலிகைகளைப் பற்றி அவர் எழுதிய உரையாடல் நூல் 1563இல் கோவாவில் அச்சாகி ஐரோப்பா முழுதும் பயிலப்பட்டது. அவரும் புதுக்கிறித்தவர். 1568இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய தமக்கையோ தங்கையோ ஆகிய கத்தரீனாவை மறைவில் யூத நெறி பேணினாரென்று எரித்தனர். 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து தோண்டி எடுத்து எரித்தனர். இந்திய அச்சுக்கலையின் தொடக்கக் காலத்துப் பெயர்பெற்ற நூலாசிரியர் இருவர் யூத வழியினர். ஒருவருடைய எலும்புக்கும் இடமில்லாமற் போன ஆண்டிலேயே மற்றவருடைய மூன்றாம் நூல் வெளிவந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக என் நெஞ்சில் தைப்பது வேறொன்று. பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் திருச்சபைக்காகவும் அரசருக்காகவும் திருமுழுக்குப் பெறவிருப்போருக்காகவும் வரிசையாக மன்றாட்டுகள் உண்டு. அவற்றுள் ஒன்று யூதருக்கானது. அன்றைய இலத்தீன் வழிபாட்டு நூலில் அவர்களை நம்பிக்கையற்றவர் என்று சுட்டும் அடைமொழி இருந்தது; மற்ற மன்றாட்டுகளுக்கெல்லாம் முழந்தாளிடுவோர் இதற்கு மட்டும் முழந்தாளிடுவதில்லை. இந்தியக் கரையில் அரை நூற்றாண்டுக்கு மேல் குருத்துவப் பணி செய்தவர் அண்டிரிக். ஆண்டுதோறும், தம் பாட்டனும் பாட்டியும் எக்குலத்தில் பிறந்தனரோ அக்குலத்தின் மேல் அச்சொல்லை வாய்விட்டு ஓத வேண்டியிருந்தது அவருக்கு. முழந்தாளிடும் வழக்கம் 1955இல்தான் மீண்டும் வந்தது. அவ்வடைமொழியை இருபத்துமூன்றாம் யோவான் 1959இல் நீக்கினார். யூத மக்கள் அனைவர் மேலும் இயேசுவின் சாவுக்கான பழியைச் சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிக்கையிட்டது 1965 அக்டோபர் 28ஆம் நாள்.

சமயச் சீர்திருத்தம் செய்தோர் இப்பழியிலிருந்து நீங்கியவர் என்று எண்ணற்க. மார்ட்டின் லூத்தர் 1523இல் இயேசு யூதராகப் பிறந்ததை நினைவூட்டிக் கனிவோடு எழுதினார். 1543இலோ தொழுகைக்கூடங்களுக்குத் தீயிடுக என்னும் அளவுக்குச் சினந்து எழுதினார். கொல்லத்து அச்சுக்கும் தரங்கம்பாடி அச்சுக்கும் பின்னே நின்ற இரு ஐரோப்பிய மரபுகளுக்கும் இதில் பங்குண்டு.

1586இல் அடிகளாரின் பெருநூல் வெளிவந்தது. இலத்தீன் பெயரால் 'புளோசு சாங்க்தோரும்' எனப்பட்ட இது அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. புனிதர் வாழ்க்கைகளைக் கூறுவது. தமிழ் உரைநடையில் அச்சேறிய முதற்பெருநூல் என்று இதனைக் கூறலாம். புலவர் உரைகளின் செறிவு இதில் இல்லை. கடற்கரைப் பேச்சின் ஓட்டமும் போர்த்துக்கேயச் சொற்களும் உண்டு. படிப்பவர் முதலில் தடுமாறுவர். பத்துப் பக்கம் கடந்தபின், அன்று வாழ்ந்தோர் பேசுவது காதில் விழும்.

அதன்பின் ஏழாண்டு கழித்து, 1593இல், உரோமையில் இயேசு சபையின் ஐந்தாம் பொதுப்பேரவை கூடியது. யூத அல்லது மூர் வழியில் வந்தவர் எவரையும், அவ்வழி எவ்வளவு தொலைவினதாயினும், இனிச் சபையில் சேர்க்கலாகாது என்று அது தீர்மானித்தது. அண்டிரிக்குக்கு அப்போது வயது எழுபத்துமூன்று. சபைக்கு அவர் உழைத்தது நாற்பத்தெட்டு ஆண்டுகள். அத்தீர்மானம் 1545இல் இருந்திருந்தால் அவர் கோயிம்பிராவின் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார். 1600இல் புன்னைக்காயலில் இறக்கும்வரை அவர் தம் பணியிலேயே நின்றார். அவர் விட்டுச்சென்ற தமிழில் கசப்பு இல்லை. இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை; பேச முடியாதவன் காத்த மௌனமும் அதில் கலந்திருக்கும்.

1608இல் அத்தீர்மானம் சற்றே தளர்த்தப்பட்டு, ஐந்து தலைமுறை வரை பார்த்தால் போதும் என்றாயிற்று. முற்றிலும் நீங்கிய ஆண்டு 1946. அதற்குள் ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டிருந்தனர். நாசிகளின் இனக் கொள்கை வேறு, பழைய சமயப் பகை வேறு என்று வரலாற்றாசிரியர் பிரித்துக் காட்டுவர், அது சரியே. ஆயினும் பாட்டன் பாட்டியின் சமயத்தைப் பதிவேட்டில் தேடும் பழக்கம் தொலேதோவில் முன்பே பழகிய ஒன்று. நம்மை ஆண்ட பிரான்சு 1791இல் யூதருக்கு முழுக்குடியுரிமை தந்த நாடு. அதே பிரான்சின் விசி அரசு 1940 அக்டோபரில் யூதரை அரசுப் பணிகளிலிருந்து நீக்கிச் சட்டம் செய்தது. அதற்கு முந்தைய மாதமே ஆளுநர் போன்வேன் பிரஞ்சிந்தியாவைத் தெகோலின் பக்கம் சேர்த்துவிட்டமையால், அச்சட்டம் காரைக்காலின் கடற்கரையை எட்டவில்லை.

பிறப்புச் சுவர் நமக்கு அயலதன்று. புதுச்சேரியில் இயேசு சபையார் கட்டிய சம்பா கோவிலுக்குள் பறையர் ஒரு புறமும் மற்றவர் ஒரு புறமும் அமர நடுவே ஒரு சுவர் நின்றது. 1745 அக்டோபரில் அச்சுவர் இடிக்கப்பட்ட செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார். ஒரே ஞானத் தண்ணீரைப் பெற்ற பின் ஏன் இந்தச் சுவர் என்று கேட்டவர் அச்சுவருக்கு அப்பால் அமர்த்தப்பட்டவரே. அந்நிகழ்ச்சியில் காரைக்காலின் பெயரும் வருகிறது. தொலேதோவில் 1449இல் எழுந்த கேள்வியும் இதுவே. உடம்பையே உதறிப் பேயுரு வேண்டிப் பெற்ற அம்மையாரின் ஊரில் கவிதை எழுதுகிற நமக்கு, உடம்பில் ஓடுவதைக் கொண்டு ஒருவரை அளக்கும் அறிவு அன்றும் இன்றும் எவ்வளவு சிறியது என்பதைப் பிறர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

அடிகளாரின் நூல்கள் நீண்ட காலம் மறைந்து கிடந்தன. இத்தொடக்கக்கால அச்சுநூல்களைப் பற்றித் தனிநாயக அடிகள் 1950களில் எழுதிய பின்னரே தமிழுலகம் திரும்பிப் பார்த்தது. 'தம்பிரான் வணக்கம்' இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. புனிதர் வரலாற்று நூலின் படியொன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதனைக் கொண்டு ச. இராசமாணிக்கம் அடிகள் 1967இல் 'அடியார் வரலாறு' என்னும் பெயரில் மீண்டும் பதிப்பித்தார். பதிப்பு வெளிவந்த ஊர் தூத்துக்குடி. அண்டிரிக் அடிகளாரை அடக்கம் செய்ததும் அவ்வூரிலேதான்.